பெறாததற்குப் பற்றுச்சீட்டு

வளைவை நிமிர்த்திவிட்டார்கள்.
சாம்பல்தீவு தாண்டி
வயிற்றைத் தள்ளிக்கொண்டு திரும்பிய ரோட்டு
இப்போது ஒரே கோடாய் நிலாவெளிக்கு ஓடுகிறது.
பஸ்கள் எங்களைப் பார்ப்பதில்லை.
ஹோர்ன் சத்தம் மட்டும்
பழக்கதோஷத்தில் இந்தப் பக்கம் வந்துபோகிறது.

மிஞ்சிய வளைவு
நீளம் நூற்றிப் பதினெட்டு மீற்றர், அகலம் எட்டு,
கணக்கில் முப்பத்தேழு பேர்ச்.
வெட்டி எறிந்த நகம்போலத்
தாரோடு கிடக்கிறது.

கடிதம் மூன்று மொழியில் வந்தது.
'வீதித் தேவைக்கு இனி வேண்டப்படாத காணி.'
அறுபத்தெட்டில் அது வேண்டப்பட்டது.
பதினொரு தென்னைக்கு இலக்கம் அடித்து
ஏழாம் இலக்கத்தில் காய் பறிக்கும்வரை பொறுக்காமல்
சாய்த்தார்களாம்.

பிரதேச செயலகம். காணிப் பிரிவு.
முஸம்மில் நல்ல மனிதர்.
மின்விசிறிக்கு நேரே இருத்திவிட்டுத்தான் கேட்டார்:
"உங்கட அப்பா நட்டஈடு எடுத்தவரா?"

எடுத்திருந்தால் காணி விலைமனுவுக்குப் போகும்,
காசுள்ள எவரும் வாங்கலாம்.
எடுக்காவிட்டால்
எங்களிடம் திரும்பும்.

"எடுக்கேல்ல."
"அதுக்கு ஒரு துண்டு வேணும் அக்கா."

எடுத்ததற்குத் துண்டு இருக்கும்.
எடுக்காததற்கு எந்த ஊரில் துண்டு கொடுக்கிறார்கள்?
கச்சேரிக் கோப்பு எந்தக் கலவரத்தில் போனதென்று
ஆளுக்கொரு ஆண்டு சொன்னார்கள்.
கடைசியில் தகரப்பெட்டியைக் கிளறி
அப்பாவின் தபால் சேமிப்புப் புத்தகத்தைக் கொண்டுபோனேன்.
மிகுதி பதினான்கு ரூபாய் முப்பது சதம்.
அடுத்த பக்கமும் பதினான்கு முப்பது.
ஒன்பது வருசத்துக்கு
அந்தப் பதினான்கு அசையவேயில்லை.

முஸம்மில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இது நல்ல சாட்சி" என்றார்.
உயிரோடிருக்கையில் அப்பா ஒளித்துவைத்த வறுமைக்கு
அன்றைக்கு ஒரு றப்பர் முத்திரை விழுந்தது.

பிறகு பங்காளர் ஒப்பம்.
ஐவரில் நால்வரிடம் வாங்கியாயிற்று,
மொன்றியல் அக்காவினது ஸ்கேன் பண்ணி வந்தது.
தம்பி குகராசாவின் வரியில் என்ன எழுத?
மரணச் சான்றிதழா, காணாமற்போன சான்றிதழா
என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.
இரண்டும் இல்லை.
அம்மா எடுக்க விடவில்லை.
அதற்கும் நட்டஈடு தந்தார்கள்.
அதையும் நாங்கள் எடுக்கவில்லை.
முஸம்மில் அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டு
கோப்பை மூடினார்.

அளக்க வந்தது விஜேகோன் மாத்தயா.
தொப்பியோடு நடுத்தாரில் நின்று
பழைய வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.
அந்தக் காலத்து எல்லைவேலி
இப்போதைய வெள்ளைக்கோட்டின் மேலேயே போகிறதாம்.
கோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள்,
அந்தப் பக்கம் உவைஸ் குடும்பம்.
உவைஸ் சிரித்தார்:
"முந்தி அரசாங்கம் கோடு போட்டது முந்திப்போகாமலிருக்க.
இனி நாங்களும் முந்தேலாது."

தாரைக் கிளப்ப மெசின்காரன் சொன்ன விலைக்கு
இன்னொரு காணியே வாங்கலாம்.
ஆகவே நெத்தலி காயப்போடுகிறோம்.
மணலில் இரண்டு நாள் பிடிப்பது
தாரில் ஒரு வெயிலில் காய்கிறது.
அவருடைய மீன் அங்கே, என்னுடைய மீன் இங்கே,
காகத்துக்கு மட்டும் கோடு தெரியாது.

நேற்று விடியப்புறம்
கண்டிப் பக்கத்து வான் ஒன்று
புதுப் பாதையை விட்டு உள்ளே இறங்கி,
என் படங்குக்கு ஒரு முழம் முன்னால் பிறேக் அடித்தது.
சாரதி தலையை நீட்டினான்.
"அக்கா, இது நிலாவெளிக்குப் போற ரோட்டுத்தானே?"

வர்த்தமானி இன்னும் வரவில்லை.
முஸம்மிலைக் கேட்டால் ஓம் என்பார்.
நான் படங்கின் ஒரு மூலையைத் தூக்கி
மீனை ஒதுக்கினேன்.
"போங்கோ" என்றேன்,
"மெதுவா."